உடற்சூட்டிலிருந்து மின்: கொழும்புச் சூழலுக்கு எந்த வலு மாற்றி பொருந்தும்?

கேள்வி: இறுதியாண்டு மாணவி, தெஹிவளை

வணக்கம். பற்றறி இல்லாமல் உடற்சூட்டால் மட்டுமே இயங்கும் மணிக்கட்டு உணரி ஒன்றை எனது மின் பொறியியல் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக அமைக்க விரும்புகின்றேன். பகல் முழுவதும் வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களின் உடல் வெப்பநிலையை அரை நிமிடத்துக்கு ஒரு தடவை புளூடூத் வழியே அனுப்புவது அதன் பணி. வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் என் அம்மம்மாவை நினைத்தே இதைத் தெரிவு செய்தேன். பற்றறியை மாற்று, சார்ஜ் செய் என்று அவரிடம் சொல்ல முடியாது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டி.ஈ.சி.1-12706 என்ற 40 மில்லிமீற்றர் சதுர வெப்பமின் தகட்டை (இரு முகங்களின் வெப்பநிலை வேறுபட்டால் மின் தருவது) வாங்கி, வெளிப்பக்கத்தில் சிறிய அலுமினிய வெப்பந்தணிப்பி ஒன்றை ஒட்டி, மணிக்கட்டில் கட்டி அளந்தேன். மின்விசிறி போடாத அறையில் திறந்த சுற்று வோல்ற்றளவு (சுமை எதுவும் இணைக்காதபோது உள்ளது) 9 மில்லிவோல்ற்றைத் தாண்டவில்லை. குளிரூட்டிய நூலகத்தில் 25 வரை ஏறுகிறது. ஆனால் நான் வாசித்த ஆய்வுக் கட்டுரைகள் உடற்சூட்டிலிருந்து 100 மைக்ரோவாற்றுக்கு மேல் பெற்றதாகக் கூறுகின்றன. என் தகடு தரமற்றதா? சிறு வோல்ற்றளவை உயர்த்தித் தரும் வலு மாற்றிச் சில்லுகளில், 20 மில்லிவோல்ற்றிலேயே தொடங்கும் எல்.டி.சி. 3108ஐப் பயன்படுத்துவதா, பி.கியூ. 25570ஐப் பயன்படுத்துவதா, அல்லது பூஸ்ட் மாற்றி (வோல்ற்றளவை உயர்த்தும் சுற்று) ஒன்றை நானே வடிவமைப்பதா? வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: வலு மாற்றி ஆய்வாளர், இரத்மலானை

தங்கை, உங்கள் தகட்டில் குறையில்லை, அளவீடும் சரியானது. மூன்று மாற்றிகளில் எது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஏனெனில் மூலத்தில் இல்லாத வலுவை எந்த மாற்றியாலும் உண்டாக்க முடியாது.

மணிக்கட்டுத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 34 பாகை செல்சியஸ் வரை இருக்கும். கொழும்பில் மின்விசிறி இல்லாத அறை பகலில் 30 பாகையில் நிற்கிறது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் மொத்த வேறுபாடு 3.5 பாகை அளவே. அதுவும் முழுமையாகத் தகட்டின் இரு முகங்களுக்கிடையே விழுவதில்லை. தோலும் அதன் தொடுகையும் ஒரு வெப்பத்தடை, தகடு ஒரு வெப்பத்தடை, தணிப்பியிலிருந்து வளிக்குச் செல்லும் பாதை இன்னொரு வெப்பத்தடை. மூன்றும் தொடரில் உள்ளன. இந்தத் தகடு வெப்பத்தை வேகமாகக் கடத்திக் குளிரூட்டுவதற்கென்றே செய்யப்பட்டது என்பதால் அதன் வெப்பத்தடை வாற்றுக்கு 2 பாகைக்கும் குறைவு. தோலுக்கு 12, சிறிய தணிப்பிக்கு 20 என்று கொண்டால், 3.5 பாகையில் தகட்டுக்குக் கிடைப்பது 0.2 பாகைக்குச் சற்றுக் குறைவு. 127 குறைகடத்திச் சோடிகள் கொண்ட பிசுமத்து தெலுரைட்டுத் தகடு பாகைக்கு 50 மில்லிவோல்ற்று அளவில் தரும். பெருக்கினால் உங்கள் 9 மில்லிவோல்ற்று அப்படியே வருகிறது.

இதே சாதனத்தை 20 பாகை அறையில் வைத்தால் மொத்த வேறுபாடு 14 பாகை, அதாவது நான்கு மடங்கு. வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு மாறுவதால் அது பதினாறு மடங்காகிறது. தகட்டின் அகத்தடையை 2 ஓம் என்று எடுத்தால் இங்கே உயர்ந்தபட்சம் 10 மைக்ரோவாற்று, அங்கே 170 மைக்ரோவாற்று. நீங்கள் வாசித்த முடிவுகளுக்கும் உங்கள் மேசைக்கும் இடையிலான தூரத்தில் பெரும்பகுதி காலநிலைதான். இதைச் செயற்றிட்ட அறிக்கையில் தனி அத்தியாயமாகவே எழுதுங்கள். வெப்பவலய நாடுகளில் இருந்து இத்தகைய அளவீடுகள் வெளிவர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இனி மாற்றிக்கு வருகிறேன். எல்.டி.சி. 3108 ஒன்றுக்கு நூறு விகித நிலைமாற்றியையும், கட்டுப்பாட்டு முனையான வாயிலின் வோல்ற்றளவு பூச்சியமாக இருக்கும்போதே கடத்தும் திரான்சிஸ்டரையும் கொண்டு தானாக அலைவுறத் தொடங்குகிறது. சாதாரண சிலிக்கன் மொஸ்பெற் வகைத் திரான்சிஸ்டரைக் கடத்தச் செய்யப் பல நூறு மில்லிவோல்ற்று தேவைப்படுவதால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அந்த 20 மில்லிவோல்ற்று, சுமை ஏறிய பின்னரும் உள்ளீட்டு முனைகளில் நிற்க வேண்டிய அளவு. அதன் உள்ளீட்டுத் தடை சில ஓம்களே என்பதால், நூலகத்தின் 25 மில்லிவோல்ற்று அதை இணைத்தவுடன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பி.கியூ. 25570க்கோ சேமிப்பு வெறுமையாக இருக்கும்போது தொடங்கவே 600 மில்லிவோல்ற்று வேண்டும். உங்கள் சொந்தப் பூஸ்ட் மாற்றியைப் பொறுத்தவரை, 9 மில்லிவோல்ற்றை 3.3 வோல்ற்றாக்குவது 350 மடங்குக்கு மேற்பட்ட ஏற்றம். ஆளியினதும் சுருளினதும் சிறு தடைகளும் கட்டுப்பாட்டுச் சுற்றும் அந்த 10 மைக்ரோவாற்றையும் தின்றுவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: காலி வீதி வெயிலில் தணிப்பி தோலை விடச் சூடாகும்போது மின்முனைவு தலைகீழாகும். இரு திசையையும் ஏற்கும் எல்.டி.சி. 3109 உண்டு, ஆனால் அது தொடங்க 30 மில்லிவோல்ற்று கேட்கிறது. ஆகவே அம்மம்மாவுக்கான உணரிக்கு உடற்சூடு உகந்த மூலம் அன்று என்பதே என் முடிவு. வெப்பமின்னை விட மனமில்லையென்றால் வேறுபாடு பெரிதாக உள்ள இடத்தைத் தேடுங்கள்.

பதில் 2: தேயிலைத் தொழிற்சாலைப் பராமரிப்புப் பொறியியலாளர், அட்டன்

மேலே சொன்ன அந்த இடம் எங்கள் உலர்த்தி அறையில் இருக்கிறது. சூடான வளி செல்லும் உலோகக் குழாயின் வெளிமுகத்தில் இதே தகட்டை இறுக்கி, மறுபுறம் நல்ல தணிப்பி வைத்தால் தகட்டின் குறுக்கே 15 பாகை கிடைப்பது கடினமன்று. அப்போது திறந்த சுற்றில் 0.75 வோல்ற்று, பொருத்திய சுமையில் (தகட்டின் அகத்தடைக்குச் சமமான தடை, அப்போதே வலு உச்சம்) 70 மில்லிவாற்று. லோரா (குறைந்த வலுவில் நெடுந்தூரம் செல்லும் வானொலி முறை) அனுப்பி ஒன்று 13 டி.பி.எம். அனுப்பு வலு மட்டத்தில் 29 மில்லியம்பியர் எடுக்கும். ஒரு செக்கன் அனுப்பினாலும் 0.1 யூல்தான் செலவு.

இங்கே பூஸ்ட் மாற்றியை நீங்களே வடிவமைப்பது பொருளுள்ளதாகிறது. சுருளின் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பூச்சியத்துக்குத் திரும்பும் முறையில் இயக்கினால், உள்ளீட்டுத் தடை தூண்டுதிறனையும் ஆளி மூடியிருக்கும் நேரத்தையும் சுற்றுக்காலத்தையும் பெரும்பாலும் பொறுத்தது. 22 மைக்ரோஹென்றி, 10 கிலோஹேட்ஸ், மூடியிருக்கும் நேரம் 47 மைக்ரோசெக்கன் என்று வைத்தால் அது 2 ஓம் ஆகி அகத்தடையோடு பொருந்தும். உச்ச மின்னோட்டம் 0.8 அம்பியர் வரும் என்பதால், 1 அம்பியருக்கு மேலும் காந்த நிரம்பல் அடையாத சுருளைத் தெரிவு செய்யுங்கள். 12706 தகட்டின் உள் ஈயப்பற்று 138 பாகையில் உருகும். குழாய் முகத்தை முன்கூட்டியே அளந்து கொள்ளுங்கள். தேயிலைத் தூசி தணிப்பியின் இதழ்களுக்கிடையே படிந்து வேறுபாட்டைக் குறைத்துவிடும், அதனால் இதழ்கள் அகல இடைவெளியுடன் நிலைக்குத்தாக நிற்கட்டும்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. தொழிற்சாலை யோசனை ஈர்க்கிறது. ஆயினும் மணிக்கட்டு உணரியைக் கைவிட மனம் வரவில்லை. அம்மம்மா பகலில் யன்னலோரக் கதிரையில்தான் இருப்பார். அறை வெளிச்சத்தைக் கொண்டு இதையே செய்ய இயலுமா? இரவுக்கு என்ன வழி?

பதில் 3: வலு மாற்றி ஆய்வாளர், இரத்மலானை

இயலும். இந்த நகருக்கு அதுவே சரியான மூலமும் ஆகும். 200 லக்ஸ் வெளிச்சத்தில் படிகமற்ற சிலிக்கன் ஒளிக்கலம் சதுர சென்ரிமீற்றருக்கு 4 மைக்ரோவாற்றுக்குச் சற்று மேல் தரும். யன்னலோரத்தில் அதைவிட அதிகம். 10 சதுர சென்ரிமீற்றர் பட்டிக்கு 40 மைக்ரோவாற்று என்று கொள்ளுங்கள். பல கலங்கள் தொடரில் இருப்பதால் ஒரு வோல்ற்றுக்கு மேல் வரும், பி.கியூ. 25570 சிரமமின்றித் தொடங்கும். அது 16 செக்கனுக்கு ஒரு தடவை மூலத்தைக் கழற்றித் திறந்த சுற்று வோல்ற்றளவை அளந்து, அதன் குறித்த விகிதத்தில் இயங்கும். அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது ஒரேயொரு முனை: சேமிப்புப் பக்கத்தோடு இணைத்தால் 80 வீதம், நிலத்தோடு இணைத்தால் 50 வீதம். ஒளிக்கலத்துக்கு 80, வெப்பமின் தகட்டுக்கு 50. வெப்பமின் தகட்டுக்கென அமைத்த பழைய சுற்றுப்பலகையை அப்படியே பயன்படுத்தும்போது இந்த இணைப்பைச் சரிபார்க்காவிட்டால் கிடைக்கும் வலுவில் கணிசமான பங்கை இழப்பீர்கள்.

ஒரு தடவை அளந்து அனுப்ப 100 மைக்ரோயூல் என்று எடுத்தால், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை என்பது சராசரி 3.3 மைக்ரோவாற்று, உறக்க நிலையையும் சேர்த்து 5 என்க. இரவு 10 மணித்தியாலத்துக்கு அது 0.18 யூல். 0.1 பரட்டு மீக்கொள்ளளவி (மின்னேற்றத்தைப் பெருமளவில் சேமிக்கும் கொள்ளளவி) 4.2 வோல்ற்றிலிருந்து 2.2க்கு இறங்கும்போது 0.64 யூல் தருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது கொள்ளளவியின் ஒழுக்கு மின்னோட்டம். அது ஒரு மைக்ரோ அம்பியராக இருந்தாலே உங்கள் சுமைக்கு நிகரான இழப்பு. ஆகவே விலையை விட ஒழுக்கைப் பார்த்து வாங்குங்கள், வாங்கியதைச் சில நாள் மின்னேற்றி வைத்த பின்னர் அளவிடுங்கள்.

முற்றிலும் வெறுமையான கொள்ளளவியிலிருந்து தொடங்கும்போது, சேமிப்பு 1.8 வோல்ற்றை எட்டும் வரை பி.கியூ. 25570 சில்லின் வினைத்திறன் மிகக் குறைவு. அறை வெளிச்சத்தில் அதற்கு நெடுநேரம் பிடிக்கும். அம்மம்மாவின் கையில் கட்டுவதற்கு முன் வெளியிலிருந்து ஒரு தடவை 3 வோல்ற்று வரை மின்னேற்றிக் கொடுங்கள், நேர்முகப் பரீட்சைக்கு எடுத்துச் செல்லும் நாளிலும் அவ்வாறே செய்யுங்கள்.