மாஸ்டர், ஸ்லேவ் சரி. பெயர்ப் பெட்டியை யார் கவனிப்பது?

சாங்கி_பேக்எண்ட்:
எங்கள் கம்பெனியில் போன வாரம் ஒரு சுற்றறிக்கை. இனி எந்த ஆவணத்திலும், திரையிலும், நிரலிலும் மாஸ்டர்/ஸ்லேவ் (எஜமான்/அடிமை), பிளாக்லிஸ்ட்/ஒயிட்லிஸ்ட், சானிட்டி செக், மேன்-ஹவர்ஸ் போன்ற, யாரையாவது புண்படுத்தக்கூடிய சொற்கள் இருக்கக்கூடாதாம். பதிலுக்கு என்ன எழுத வேண்டும் என்று ஓர் அட்டவணையும் தந்திருக்கிறார்கள். இந்தக் காலாண்டுக்குள் முடிக்க வேண்டும். வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இது உருப்படியான வேலையா, இல்லை மேலிடத்தைத் திருப்திப்படுத்தும் சடங்கா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஈசூன்_சிஸ்அட்மின்:
சடங்குதான், சந்தேகமே வேண்டாம். 2020இல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீசால் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஏதாவது செய்தாக வேண்டிய நெருக்கடி. அந்த அக்டோபரில் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப், புது ரெப்போக்களில் (நிரல் கிடங்குகளில்) மாஸ்டர் என்றிருந்த முதன்மைக் கிளையை (பிராஞ்ச்) மெயின் என்று மாற்றியது. அதனால் அங்கே யாருக்கு என்ன விடிந்தது? சிங்கப்பூரில் மாஸ்டர் பிராஞ்சைப் பார்த்து மனம் நொந்த ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

செலவு மட்டும் நம்முடையது. பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸின் 1.24 பதிப்பில், அதை நிறுவும் கருவியான க்யூப்அட்மின் பழைய மாஸ்டர் லேபிளை எடுத்துவிட்டு கண்ட்ரோல்-பிளேன் லேபிளை மட்டும் வைத்தது. பழைய லேபிளை நம்பி நோட் செலக்டர் (எந்த சர்வரில் ஓட வேண்டும் என்ற குறிப்பு) எழுதியவர்களின் பாட்கள் (ஓடும் நிரல்கள்) அப்கிரேடுக்குப் பிறகு இடம் கிடைக்காமல் பெண்டிங்கில் நின்றன. டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8.4இல், பிரதியின் நிலையைக் காட்டும் 'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்' கட்டளையே கிடையாது. பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒரே நாளில் ஊமையாகிவிடும். நடுராத்திரி அழைப்பு வருவது அட்டவணை போட்டவருக்கு இல்லை, எங்களுக்கு.

ஆவணக்காரி:
2020 அலை என்பது பாதிக் கதை, ஈசூன் அண்ணே. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 2003லேயே தனக்குக் கருவி விற்பவர்களிடம் இந்த மாஸ்டர்/ஸ்லேவ் சொற்களைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்டது. மென்பொருள்களில் ஜாங்கோ 2014இல் மாற்றியது, ஜெங்கின்ஸ் 2016இல், பைத்தானும் ரெடிஸும் 2018இல். யாரும் திடீரென்று விழித்துக்கொண்டு செய்யவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் கையேடு எழுதிப் பிழைக்கிறவள் நான். எனக்கு இதில் மனம் நோவதைவிடத் தெளிவுதான் முக்கியம். ரெடிஸில் ஸ்லேவ் என்றால் தரவின் பிரதி. ஜெங்கின்ஸில் வேலை வாங்கிச் செய்யும் இயந்திரம். பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கில் ஒரே கேபிளில் இருக்கும் இரண்டாவது டிஸ்க், அவ்வளவுதான். அங்கே மாஸ்டர் என்கிற டிஸ்க் மற்றதை ஆட்டிவைப்பதுகூட இல்லை. ரெப்ளிகா, ஏஜெண்ட் என்று எழுதினால் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்குப் பாதி பாடம் பெயரிலேயே கிடைத்துவிடும்.

உடைகிறது என்பதற்கும் பெயர் காரணமில்லை, மாற்றும் விதம்தான். ரெடிஸ் 5இல் ரெப்ளிகாஆஃப் என்று புதுக் கட்டளை வந்தது. பழைய ஸ்லேவ்ஆஃப் கட்டளையையும் வேலை செய்ய விட்டார்கள். யாருடைய ஸ்கிரிப்டும் சாகவில்லை.

ஈசூன்_சிஸ்அட்மின்:
புதுப் பிள்ளைக்காக ஓடுகிற சிஸ்டத்தில் கை வைக்கச் சொல்கிறீர்கள். புது ஆவணத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். புரொடக்‌ஷன் பக்கம் வராதீர்கள்.

தேக்கா_ஃபிரண்ட்எண்ட்:
இரண்டு பேரும் சர்வரிலேயே நிற்கிறீர்கள். திரைக்கு வாருங்கள்.

என் அடையாள அட்டையில் பெயர் நடுவே எஸ்/ஓ, அதாவது 'இன்னார் மகன்' என்பது உண்டு. நம்மில் எத்தனையோ பேருக்கு எஸ்/ஓ, டி/ஓ (இன்னார் மகள்) இருக்கிறது. அண்மையில் ஒரு காப்புறுதித் தளத்தில் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதினேன். சிவப்பு எழுத்தில் 'இன்வேலிட் நேம்' என்று வந்தது. சாய்கோட்டை எடுத்துவிட்டு எழுதினேன். அடுத்த பக்கத்தில் 'அடையாள அட்டையுடன் பெயர் பொருந்தவில்லை' என்றது. அதற்கு முன்பே குடும்பப் பெயர் கட்டாயம் என்று நட்சத்திரக் குறி வேறு. எனக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன், அப்புறம் மின்னஞ்சலெல்லாம் அப்பாவை விளித்தே வருகிறது. சீன நண்பர்களுக்கு வேறு கூத்து: முதலில் வரும் குடும்பப் பெயரையே அவரவர் பெயர் என்று நினைத்துக்கொண்டு 'ஹாய் டான்' என்று ஊரில் பாதிப் பேரை அழைக்கும்.

சாங்கி, உங்கள் அட்டவணையில் இது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த அட்டவணை யாரைச் சேர்த்துக்கொள்ள எழுதியது?

ஈசூன்_சிஸ்அட்மின்:
அது மொழிப் பிரச்சினை இல்லை தம்பி, வேலிடேஷன் (எழுதியது சரியா என்று சோதிக்கும்) பிரச்சினை. காரணமும் உண்டு. விமான முன்பதிவு சிஸ்டங்களில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறியே சாய்கோடுதான். நடுவில் இன்னொரு சாய்கோடு வந்தால் எங்கே வெட்டுவது? அதனால்தான் டிக்கெட்டில் எஸ்ஓ என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. கீழே பழைய சிஸ்டம் இருந்தால் மேலே இருக்கும் பெட்டி அதற்குப் பணிந்துதான் போகும்.

தேக்கா_ஃபிரண்ட்எண்ட்:
விமானத்துக்குச் சரி. காப்புறுதிக்கும் டியூஷன் சென்டருக்கும் என்ன வந்தது? பெரும்பாலான இடங்களில் காரணம் வேறு: சிறப்புக் குறிகளைத் தடுத்தால், படிவத்தில் கட்டளையைப் புகுத்தி டேட்டாபேஸைத் தாக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் வராது என்று என்றோ யாரோ எழுதிய ரெஜெக்ஸ், அதாவது எந்த எழுத்துகளை ஏற்கலாம் என்று சொல்லும் விதி. அதற்குச் சரியான மருந்து பாராமீட்டர் வைத்த க்வெரி: எழுதியதைக் கட்டளையாக எடுக்காமல் வெறும் தரவாகவே வைக்கும். என் பெயரைத் தடுப்பதால் எந்த ஹேக்கரும் நின்றுவிடப் போவதில்லை. அரசாங்க உள்நுழைவான சிங்பாஸ் வழியாக மைஇன்ஃபோ தரும் பெயரைப் பாருங்கள்: முழுப் பெயர், ஒரே வரி. அரசாங்கமே ஒரே வரியில் வைத்திருப்பதை நாம் ஏன் இரண்டாக வெட்டி, கடைசியில் தப்பாக ஒட்டுகிறோம்?

ஆவணக்காரி:
இதில் மொழியும் இருக்கிறது, அண்ணே. 'இன்வேலிட் நேம்' என்ற வரியை என்னைப் போல் ஒருத்திதான் எழுதியிருப்பாள். தோற்றது அந்தப் பெட்டி, பழி பெயர்மேல். 'இந்தப் பெட்டி சாய்கோட்டை ஏற்காது, அதை விட்டுவிட்டு எழுதுங்கள்' என்று போட்டாலாவது ஆளுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

தேக்கா_ஃபிரண்ட்எண்ட்:
அக்கா, அது கதவைச் சாத்திவிட்டு மரியாதையாகப் பேசுவது. ரெஜெக்ஸை மாற்றுவது ஒரு வரி. அதை விட்டுவிட்டு எதற்கு நல்ல வாக்கியம் தேடுகிறீர்கள்?

ஆவணக்காரி:
ஒரு வரியை மாற்ற எத்தனை பேர் ஒப்புதல் வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும். வாக்கியத்தை நான் இன்றைக்கே மாற்றலாம்.

பிடோக்_கேட்பவன்:
நான் பார்வையில்லாத டெஸ்டர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில்தான் வேலை. சாங்கி, உங்கள் அட்டவணையில் 'பிளைண்ட்' என்ற சொல்லும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. கையேட்டில் 'வலப்பக்கமுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன். எனக்கு வலமும் இல்லை, பச்சையும் இல்லை. பொத்தானின் பெயர்தான் காதில் விழும். சிவப்பு, பச்சை பிரித்தறியாதவர்களுக்கும் இதே கதைதான். இடத்தையும் உருவத்தையும் மட்டும் நம்பி வழி சொல்லாதே என்பது 2008இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.0லேயே அடிப்படை நிலை விதி. பொத்தானின் பெயரைச் சேர்த்து எழுதக் காசு செலவில்லை, எந்த ஸ்கிரிப்டும் உடையாது.

ஈசூன் அண்ணன் 'மனம் நொந்த ஒருவரைக் காட்டு' என்றார். படிவத்தைத் தாண்ட முடியாதவன் புகார்ப் பக்கம் வரைக்கும் போவதே இல்லை அண்ணே. உங்கள் கணக்கில் நாங்கள் வரமாட்டோம்.

ஈசூன்_சிஸ்அட்மின்:
உங்கள் விஷயத்தில் எனக்கு எதிர்ப்பு இல்லை. நான் கேட்டது மாஸ்டர் பிராஞ்சைப் பற்றி. பிராஞ்சின் பெயரை மாற்றியதால் உங்கள் கையேடு மாறியதா? மாறாது. 'செய்துவிட்டோம்' என்று மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகும், பெட்டியும் பொத்தானும் அப்படியே கிடக்கும். அதனால்தான் சடங்கு என்றேன்.

ஆவணக்காரி:
ஒன்றைச் செய்தால் மற்றது நடக்காது என்று யார் சொன்னது? அட்டவணை என்று ஒன்று இருப்பதால்தான் அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்கக் கேட்க முடிகிறது. அதுவும் இல்லாத கம்பெனியில் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

சாங்கி_பேக்எண்ட்:
சரி, இப்படிச் செய்யப் பார்க்கிறேன். ஆவணத்தில் அட்டவணைப்படி மாற்றம். ஓடுகிற கட்டளைகளுக்கு ரெடிஸ் வழி: புதுப் பெயர் சேரும், பழையதும் இருக்கும். பெயர்ப் பெட்டியை ஒரே வரியாக்கி, 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று விருப்பப் பெட்டி ஒன்று. பொத்தான்களுக்குப் பெயர். இதையெல்லாம் மேலாளருக்கு அனுப்புகிறேன்.

இன்னொன்று. எங்கள் படிவத்தில் மிஸ்டர், மிஸஸ், மிஸ், மேடம் என்று ஒரு கட்டாயப் பெட்டி இருக்கிறது. எடுத்துவிடலாமா?

ஈசூன்_சிஸ்அட்மின்:
தாராளமாக எடு. டேட்டாபேஸில் அந்தத் தகவலை ஒருவரும் படிப்பதில்லை.

ஆவணக்காரி:
மார்க்கெட்டிங் ஆட்கள் படிப்பார்கள். அவர்களிடம் கேட்காமல் எடுத்துவிடாதீர்கள், அப்புறம் அதற்கு ஒரு தனி விவாதம் ஓடும்.