1200 ஹெர்ட்ஸில் ஏஎஃப்சி ஆன் செய்தால் பிஇஎஸ் ஏறிக்கொண்டே போகிறது

கேள்வி:
7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் டிரைவ், சுற்றுக்கு 220 சர்வோ செக்டார் (ஹெட் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிகள்), சாம்ப்ளிங் 26,400 ஹெர்ட்ஸ். கிராஸ்ஓவர் (சர்வோ லூப்பின் கெயின் 1 ஆகும் அலைவரிசை) 1.1 கிலோஹெர்ட்ஸ். ஹெட் ஒரே டிராக்கில் நிற்கும் டிராக் ஃபாலோயிங்கில், 120, 240 ஹெர்ட்ஸ் ரன்அவுட்டை (சுழற்சியோடு திரும்பத் திரும்ப வரும் டிராக் ஆட்டம்) அடாப்டிவ் ஃபீட்ஃபார்வர்டு (ஏஎஃப்சி: அதே அலைவரிசையில் சைன் செலுத்தி, அளவைத் தானே திருத்திக்கொள்ளும் முறை) நன்றாக அடக்குகிறது. 10-வது ஹார்மானிக்கை (1200 ஹெர்ட்ஸ்) ஆன் செய்தால் பிழை (பிஇஎஸ், டிராக் நடுவிலிருந்து ஹெட் விலகும் அளவைக் காட்டும் சிக்னல்) மெல்ல ஏறி, கடைசியில் ஹெட் டிராக்கை விட்டே போய்விடுகிறது. அடாப்டேஷன் கெயினைப் பாதியாக்கினால் ஏறும் வேகம்தான் குறைகிறது. எங்கே பார்க்கலாம்?

பதில் 1:
கெயினைக் குறைத்தும் ஏறுகிறது என்றால் கோளாறு ஃபேஸில்தான். நீங்கள் செலுத்தும் சைன் பிஇஎஸ்ஸை அடையும்போது எவ்வளவு கோணம் திரும்புகிறதோ, அதே கோணத்தை அப்டேட்டில் பெருக்கும் சைன், கொசைனுக்கும் கொடுக்க வேண்டும். வித்தியாசம் 90 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு திருத்தமும் பிழையைக் கூட்டும். 120 ஹெர்ட்ஸில் இந்தக் கோணம் சிறியது, அதனால் தப்பித்தீர்கள். கிராஸ்ஓவர் பக்கத்தில் 100 டிகிரிக்கு மேல் போவது சகஜம். ஒரு சாம்பிள் தாமதம் மட்டுமே 1200 ஹெர்ட்ஸில் 16.4 டிகிரி.

ஏட்டுக் கணக்கை நம்பாமல் அளந்து பாருங்கள். ஏஎஃப்சியை ஆஃப் செய்து, விசிஎம் (ஹெட்டை நகர்த்தும் மோட்டார்) கட்டளையில் சிறிய 1200 ஹெர்ட்ஸ் சைனைச் சேர்த்து, பல சுற்றுகளுக்கு பிஇஎஸ்ஸின் டிஎஃப்டி (அந்த அலைவரிசையின் அளவும் கோணமும் தரும் கணக்கு) எடுங்கள். அதே அலைவரிசையில் ரன்அவுட்டும் இருப்பதால், சைன் இல்லாமலும் ஒருமுறை எடுத்துக் காம்ப்ளெக்ஸ் எண்ணாகக் கழிக்க வேண்டும். இதை விட்டால் கோணம் தவறாக வரும். வெளி, நடு, உள் டிராக்குகளில், குளிர்ச்சியிலும் சூட்டிலும் அளந்து, நடுக்கோணத்தை வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் மிச்ச வித்தியாசம் 45 டிகிரிக்குள் இருக்கட்டும்.

பதில் 2:
மேலே சொன்னதே சரியான வழி. அதோடு, சீக் (வேறு டிராக்குக்குப் போவது), செட்டில் (போய் நிலைகொள்வது), ஷாக் சென்சார் தட்டும் நேரங்களில் அப்டேட்டை நிறுத்துங்கள், வெளியீட்டை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனிக் குணகம் (செலுத்தும் சைன், கொசைனின் அளவு) வேண்டும். குணகம் நகர்ந்துபோகாமல் இருக்க சாம்பிளுக்கு 0.9999 என லீக்கேஜ் (ஒவ்வொரு முறையும் குணகத்தை இந்த எண்ணால் பெருக்கிச் சற்றே குறைப்பது) போடுங்கள்.

பதில் 3:
0.9999 என்றால் கசிவு அதிகம். அது வினாடிக்கு 2.64 கசிவு. 6 சுற்றில், அதாவது 50 மில்லிசெகண்ட் டைம் கான்ஸ்டன்டில் அடங்கும்படி கெயின் வைத்தால் வேகம் வினாடிக்கு 20. ஆக ரன்அவுட்டில் 12 சதவீதம் அடங்காமல் நிற்கும். 0.99999 போட்டால் 1.3 சதவீதம்தான். ஆனால் 16 பிட் ஃபிக்ஸட் பாயின்ட்டில் அந்தக் கசிவு ரவுண்டிங்கில் காணாமல் போய்விடும், குணகத்தை 32 பிட்டில் வையுங்கள். கெயினை இதற்கு மேல் ஏற்றவும் வேண்டாம்: கிராஸ்ஓவர் அருகே நாட்ச் (ஏஎஃப்சி பிழையை அடக்கும் குறுகிய பள்ளம்) அகலமாகி ஃபேஸ் மார்ஜினை (லூப் நிலைகுலையாமல் இருக்க மிச்சமுள்ள கோணம்) தின்னும், பக்கத்து அலைவரிசைகளில் ரன்அவுட் அல்லாத பிழை கூடும்.