லெட்யூஸ் ஓரம் கருகுகிறது, மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டுகிறது: மீட்டரை மாற்ற வேண்டுமா?

அம்பத்தூர் மாடி
வணக்கம். மொட்டை மாடியில் மண்ணில்லாமல், உரத் தண்ணீர் ஓடும் பிவிசி குழாய் வைத்து 60 லெட்யூஸ் (சாலட் கீரை) வளர்க்கிறேன். 80 லிட்டர் தொட்டி. பாதி போர் தண்ணீர், பாதி ஆர்ஓ. மூன்று வாரம் நன்றாக வந்தன. இப்போது நடுக்குருத்தின் ஓரம் கருகுகிறது, புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக இருக்கின்றன. உர அட்டவணையில் 840 பிபிஎம் என்று போட்டிருக்கிறது, என் டிடிஎஸ் பேனாவும் (கரைந்த உப்பை அளக்கும் சிறு மீட்டர்) அதையே காட்டுகிறது. பிஎச் 6.0. இரண்டுமே சில நூறு ரூபாய் மீட்டர்கள், வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அளந்து முடித்ததும் கழுவி, இரண்டையும் ஆர்ஓ தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்தி வைப்பேன். தினமும் காலையில் அந்தச் செடிகளைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. உதவுங்கள்.

கோவை பசுமைக்குடில்
சகோதரி, முதலில் பிபிஎம். டிடிஎஸ் பேனா உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து (அதுதான் இசி), அதை ஓர் எண்ணால் பெருக்கி பிபிஎம் என்று காட்டுகிறது. அந்த எண் சில மீட்டர்களில் 0.5, சிலவற்றில் 0.7. இசி 1.2 உள்ள ஒரே தண்ணீரை ஒரு மீட்டர் 600 என்னும், இன்னொன்று 840 என்னும். இரண்டும் பொய்யில்லை. அட்டவணை 0.7 கணக்கில் எழுதப்பட்டு, உங்கள் பேனா 0.5 வகையாக இருந்தால், நீங்கள் 840 வரை ஏற்றியபோது இசி 1.68 ஆகியிருக்கும். இந்த வெயிலில் லெட்யூஸுக்கு அது அதிகம். குருத்துக்குக் கால்சியம் போய்ச் சேராமல் ஓரம் கருகும்.

1413 என்று போட்ட இசி கரைசல் பாக்கெட் (நம் கணக்கில் இசி 1.413) வாங்கி, பேனாவை அதில் விட்டுப் பாருங்கள். 706-க்குப் பக்கத்தில் காட்டினால் 0.5 வகை, 990-க்குப் பக்கத்தில் என்றால் 0.7. இனிமேல் யார் பிபிஎம் சொன்னாலும் இசி எவ்வளவு என்று கேளுங்கள்.

கெமிஸ்ட்ரி லேப்
நான் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எனக்குப் பதறியது அந்த டம்ளர் விஷயத்தில்தான். இசி மீட்டரைக் கழுவி உலர்த்தி வைக்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. பிஎச் மீட்டரின் கண்ணாடிக் குமிழ் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் ஆர்ஓ தண்ணீரில் இருக்கவே கூடாது. உள்ளே இருக்கும் உப்பை அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும். மூடியில் சில சொட்டு பொட்டாசியம் குளோரைடு கரைசல் விட்டு மூடுங்கள்: 100 மில்லிக்கு சுமார் 22 கிராம். உரக்கடையில் கிடைக்கும் சிவப்பு பொட்டாஷ் வேண்டாம், அதில் அழுக்கு உண்டு. கரைசல் கைவசம் இல்லாத அன்று 4.01 பஃபர் (பிஎச் மாறாமல் நிற்கும், மீட்டரைச் சோதிக்கும் கரைசல்) போதும். மூடி ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்படாதீர்கள், கழுவினால் போய்விடும். குமிழைத் துணியால் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

இப்போது 6.86, 4.01 பஃபர்களைத் தனித்தனியாகக் கரைத்து, மீட்டர் என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள். அதுவரை மீட்டரின் அளவைச் சரிசெய்யும் எந்தத் திருகையும் தொடாதீர்கள்.

அம்பத்தூர் மாடி
பாக்கெட்டுகள் இன்றுதான் வந்தன. 1413-இல் பேனா 702 காட்டியது. அப்போ 0.5 வகைதான். பிஎச் மீட்டர் 6.86-இல் 5.9, 4.01-இல் 3.6 காட்டுகிறது.

கெமிஸ்ட்ரி லேப்
அப்படியானால் 6.0 என்று நீங்கள் நம்பிய தொட்டி உண்மையில் 7 பக்கம் இருக்கிறது. இரண்டு பஃபருக்கும் நடுவே 2.85 வித்தியாசம் வர வேண்டும், உங்களுக்கு 2.3தான் வருகிறது. குமிழ் களைத்துவிட்டது. ராத்திரி முழுக்க பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊற வைத்துவிட்டு, மறுபடி பாருங்கள்.

கோவை பசுமைக்குடில்
மஞ்சளுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நாம் போடும் இரும்பு பெரும்பாலும் இடிடிஏ என்ற வேதிப்பொருளோடு பிணைத்த வகை; பிஎச் 6.5 தாண்டினால் அது செடிக்குக் கிடைக்காமல் படிய ஆரம்பிக்கும். உங்கள் போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் பிஎச்சை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றி ஆர்ஓ தண்ணீர் நிரப்புங்கள், இசி 1.1-க்கு வரட்டும், பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சமாக விட்டு 5.8-க்குக் கொண்டு வாருங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல.

அம்பத்தூர் மாடி
ஊற வைத்த பிறகு வித்தியாசம் 2.5 ஆனது. காலிபரேட் செய்து (பஃபரில் வைத்து அளவைச் சரிசெய்து) ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் மூன்றே நாளில் 0.3 நகர்ந்துவிட்டது. தொட்டியை நீங்கள் சொன்னபடி மாற்றி ஒன்பது நாள். புதுக்குருத்து பச்சையாக வருகிறது! கருகிய இலைகள் தேறவில்லை, கிள்ளிவிட்டேன். புது பிஎச் மீட்டர் வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

கெமிஸ்ட்ரி லேப்
புரோபை (அளக்கும் முனையை) மட்டும் கழற்றி மாற்றும் வகை வாங்குங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒன்று, இரண்டு வருடத்தில் கண்ணாடி போய்விடும். அப்போது முழு மீட்டரையும் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு புள்ளியில் காலிபரேட் செய்ய முடிய வேண்டும். பிஎச்சும் இசியும் ஒரே முனையில் உள்ளதை நான் வாங்க மாட்டேன், ஒன்றுக்கு ஈரம் வேண்டும், மற்றதற்கு வேண்டாம்.

கோவை பசுமைக்குடில்
உங்கள் இசி பேனா 702 காட்டியதே, அது நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டாம். வெப்பநிலை ஈடு செய்யும் வசதி அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 சதவீதம் கூடக் காட்டும். மதியம் அளக்காமல், தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள்.