சோழர் காலத்துக்கு அச்சுத் தொகுதி போதுமா?

பொன்னிக்கரை:
எம்.ஏ. வரலாற்றில் சோழர் காலம் எடுக்கறவங்க கல்லில் இருக்கற எழுத்தைப் படிக்கப் பழக வேண்டாம், கல்வெட்டு வாசகங்களை அச்சிட்ட தொகுதியே போதும்னு நேத்து மேலகோபுரம் எழுதியிருந்தார். படிச்சதும் எரிச்சல்தான் வந்தது. கல்லில் மெய்யெழுத்து மேல வைக்கற புள்ளி அனேகமா இருக்காது. அச்சில் நீங்க பார்க்கறதில் பெரும்பாலானவை பதிப்பாசிரியர் வச்ச புள்ளி. எகர ஏகார வேறுபாடும் கல்லில் கிடையாது. ‘பெறு’ன்னு வெட்டியிருந்தா அது பெறுவா, பேறா?

மேலகோபுரம்:
முன்பின் வரியைப் பார்த்தா தெரிஞ்சுடும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890லிருந்து வருது. சந்தேகமான எழுத்தைச் சதுர அடைப்பில் போட்டிருக்காங்க. நாலு செமஸ்டரில் பையன் புள்ளியைத் தேடுவானா, ஆய்வேடு எழுதுவானா?

பொன்னிக்கரை:
சிதைஞ்ச எழுத்துக்குத்தான் அடைப்பு. புள்ளிக்கு எங்கே போட்டிருக்கு?

வடகரையான்:
ரெண்டு பேரும் புள்ளியிலேயே நில்லுங்க. பசங்க தப்பு பண்றது ஆட்சியாண்டில். முதலாம் பராந்தகன் பட்டமேறியது 907. பட்டமேறின வருஷமே முதல் யாண்டு, அதனால உத்திரமேரூர்க் கல்வெட்டில் யாண்டு 12ன்னா 11ஐத்தான் கூட்டணும், 918-919 வரும். 12ஐக் கூட்டினா ஒரு வருஷம் தள்ளிப்போயிடும். பேரில்லாம ‘கோப்பரகேசரி’ன்னு பட்டம் மட்டும் இருந்தா அது எந்த அரசன்? அந்தப் பட்டம் ஒண்ணுவிட்டு ஒருத்தருக்கு வரும். ‘மதிரை கொண்ட’ன்னு, அதாவது மதுரையை வென்றன்னு, அடை இருந்தாத்தான் பராந்தகன்னு சொல்ல முடியும்.

மேலகோபுரம்:
இதையேதான் நானும் சொல்றேன். இது அத்தனையும் அச்சில் இருக்கே!

பொன்னிக்கரை:
அச்சில் இருக்கறது ஒருத்தர் படிச்ச படிப்பு. மைப்படி, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் எடுக்கற பிரதி, எப்படி எடுக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் அது எங்கே தப்பும்னு புரியும். சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்ச்சு எடுக்கணும். நனைச்ச தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கற வரைக்கும் பிரஷ்ஷால் தட்டணும். ஈரம் கொஞ்சம் இழுத்த பிறகுதான் மை ஒத்தணும். எழுத்து வெள்ளையா நிக்கும், சுத்தி கறுப்பாகும். மை நீர்த்துப்போனா பள்ளத்துக்குள் ஓடி எழுத்தே மூடிக்கும். தாளைச் சரியாத் தட்டலைன்னா ‘கா’வில் வர்ற துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது; அந்தக் கால எழுத்தில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நில அளவில் இன்னும் மோசம். வேலிங்கற நில அளவில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஒரு குறியைத் தவறவிட்டா வேலிக்கணக்கே மாறிடும். இதில் புள்ளியும் இல்லை!

வடகரையான்:
மைப்படியை மாணவன் எங்கே போய்ப் பார்ப்பான்? அதெல்லாம் பாதி ஆயுசு மைசூரில், மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் கிடந்தது. சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

மேலகோபுரம்:
கல்லே மிஞ்சலையே. திருப்பணின்னு சுவரைச் சுத்தம் பண்ண மணல் வீச்சு அடிச்சு எழுத்தே தேஞ்ச கோயிலில் போய் எதைப் படிக்கறது? அப்போ அச்சுத்தானே காப்பாத்துது?

பொன்னிக்கரை:
மணல் வீச்சைக் கண்டிக்கறேன். அதை வச்சு நழுவாதீங்க. முன்னாடி பாண்டியர் பத்தின விவாத இழையிலும் இதையேதான் பண்ணினீங்க, கேள்வி ஒண்ணு, பதில் வேற. அந்தப் புள்ளி யார் வச்சது?

மேலகோபுரம்:
பாண்டியர் இழையில் வட்டெழுத்தைக் கிரந்தம்னு, ஒரு பழைய எழுத்துமுறையை இன்னொண்ணா மாத்திச் சொன்னது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

பொன்னிக்கரை:
அன்னைக்கே திருத்திட்டேன். புள்ளிக்குப் பதில் சொல்லுங்க.

வடகரையான்:
யாண்டு 12க்கு 11ஐக் கூட்டணும். அதையாவது யாராவது குறிச்சுக்குங்க.