பத்து நிமிடம் ஓடி அணைந்துவிடும் அவுட்போர்டு மோட்டார்: வழி சொல்லுங்கள்

வணக்கம். என் படகில் இருப்பது 15 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது). இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும், பத்து நிமிடம் முழு வேகத்தில் நன்றாக ஓடும். அப்புறம் மூச்சுத் திணறுவது போல வேகம் இறங்கி அணைந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனித்தேன். அணையப்போகும் நேரத்தில் எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கினால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. விட்டால் இரண்டு நிமிடத்தில் பழைய கதைதான். பல்பு தொளதொளவென்று இருக்கிறதே தவிர, சப்பிப்போகவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் திருகை முழுக்கத் திறந்தும் பார்த்தாயிற்று.

பெட்ரோல் புதியது, ஆயில் கலவை 50-க்கு 1. பிளக்குகளை மாற்றினேன், ஃபில்டரையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்தேன். குளிர்விக்கும் நீர் நன்றாகப் பீய்ச்சுகிறது.

என் சந்தேகம் எரிபொருள் பம்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) மீதுதான். இல்லையென்றால் குழாய் இணைப்பின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வழியே காற்று இழுக்க வேண்டும். பம்பைப் பிரிக்காமலே இரண்டில் எது என்று கண்டுபிடிக்க முடியுமா? சூடானதும், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் படுத்துவிடும் என்கிறார் நண்பர். அப்படியானால் பல்பை அமுக்கியதும் ஏன் உயிர் வருகிறது?

கரையை விட்டுத் தள்ளிப் போகவே பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.