வெயிலில் லேசர் கோடு தெரியவில்லை, 24 அடி போர்டுக்கு எப்படி லெவல் எடுப்பது?

ஸ்கொயர்பைப் (திருப்பூர்)

அண்ணன்மார்களே, ஒரு ஜவுளிக்கடைக்கு ஏசிபி (இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக் வைத்த ஷீட்) போர்டு அடிக்க வேண்டும். 24 அடி நீளம், 4 அடி உயரம். எட்டுக்கு நாலு ஷீட் மூன்று, அதன்மேல் அக்ரிலிக் எழுத்து. இடம் முதல் மாடி சன்ஷேடுக்குக் கீழே. கையில் பச்சை லேசர் லெவல் இருக்கிறது. கடைக்குள் ஷெல்ஃப் அடிக்கும்போது கோடு அருமையாக விழுகிறது. வெளியே பதினொரு மணி வெயிலில் சுவரில் ஒன்றுமே காணோம். கிழக்குப் பார்த்த சுவர். பெட்டியோடு வந்த கலர் கண்ணாடி போட்டும் பயனில்லை. சுற்றிச் சுழன்று கோடு போடும் ரோட்டரி லேசர் வாங்கினால்தான் ஆகுமா?

சுத்தியல்

இருட்டினபிறகு போய் மார்க் பண்ணுங்க பாஸ். வேலை முடிந்தது.

ஏணிமேல் (மதுரை)

தம்பி, இதற்காக ரோட்டரிக்குப் பணம் போட வேண்டாம். அது பெரிய தளம், மண் நிரவும் வேலைக்காரர்களுக்கு. போர்டு வேலைக்கு உங்களிடம் இருப்பதே போதும்.

வெயிலோடு மல்லுக்கட்ட எந்தக் கோட்டு லேசராலும் முடியாது. வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளந்தால், கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் பக்கம் போகும். லேசரோ பெரும்பாலும் கிளாஸ் 2, ஒரு மில்லிவாட்டுக்குள் அடங்கியது. பச்சை சிவப்பைவிடப் பளிச்சென்று தெரியும், ஆனால் சூரியன் முன்னால் இரண்டும் ஒன்றுதான். அந்தக் கலர் கண்ணாடி கோட்டைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுவதற்கு மட்டும். கண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து அதைப் போட்டுக்கொண்டு ஒளியை நேராகப் பார்த்துவிடாதீர்கள்.

மெஷினில் பல்ஸ் பட்டன் (கோட்டை வெகு வேகமாக விட்டுவிட்டு எரியவைப்பது) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தத் துடிப்பைக் கண்டுபிடிக்கும் ரிசீவர் என்ற சின்னக் கருவியை வாங்கலாம். கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரிசீவர் பிடித்துக்கொள்ளும். சுவரில் வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் பீப் பீப் என்று அடித்து, சரியான இடத்தில் விடாமல் ஊதும். பக்கத்தில் இருக்கும் வெட்டில் பென்சிலை வைத்துக் கீறுங்கள். சிவப்புக்கான ரிசீவர் பச்சையைப் படிக்காமல் போகலாம், கேட்டு வாங்குங்கள். பட்டன் இல்லையென்றால் ரிசீவர் வாங்கிப் பிரயோஜனமில்லை. அப்போது கிழக்குச் சுவர்தானே, மதியத்துக்கு மேல் நிழல் விழட்டும், ஒரு ஆள் அட்டையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மறைக்கட்டும். கிட்டத்தில் மங்கலாகக் கோடு தெரியும். இரண்டு முனையிலும் நடுவிலும் குறித்து, சாக்பவுடர் நூலால் அடித்துவிட்டால் லேசரை மூட்டை கட்டலாம். சுத்தியல் சொன்னபடி இருட்டிலும் செய்யலாம், எனக்கு இருட்டில் ஏணி ஏறப் பிடிக்காது.

அப்புறம் முக்கியமான விஷயம். படுக்கைக் கோடு மெஷின் இருக்கும் உயரத்தில்தான் விழும். ஸ்டாண்டைத் தரையில் வைத்துவிட்டு 14 அடியில் கோடு தேடக்கூடாது. சாரத்தின் மேல் வைத்தாலோ, ஆள் நடக்கும்போது உள்ளே பெண்டுலம் ஆடும், கோடு சிமிட்டிக்கொண்டே இருக்கும். நான் கீழே தலை உயரத்தில் இரண்டு முனையிலும் குறித்துக்கொண்டு, செங்குத்துக் கோட்டைத் தூக்குக்குண்டாக வைத்து, டேப்பால் ஒரே அளவை மேலே ஏற்றுவேன். மெஷினை நடுவில் வையுங்கள். 10 மீட்டருக்கு 3 மில்லி பிசகும் என்று அட்டையில் போட்டிருந்தால், நடுவிலிருந்து முனைக்கு மூன்றரை மீட்டர் சொச்சம்தான், ஒரு மில்லி. போர்டில் அது யாருக்கும் தெரியாது.

சன்ஷேடு லெவலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டிடங்களில் ஒரு முனை ஒன்றரை அங்குலம் இறங்கியிருப்பது சகஜம். அதை ஒட்டி ரசமட்டம் பிசகாமல் போர்டு அடித்தால், எதிர்ச்சாரி டீக்கடையில் நின்று பார்க்கிற ஓனருக்கு உங்கள் போர்டுதான் கோணலாகத் தெரியும். லேசரைக் காட்டினாலும் நம்பமாட்டார். ஒன்று, இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். இல்லை, சாய்வில் பாதியை போர்டுக்குக் கொடுங்கள். எதுவானாலும் நூலைக் கட்டி, ஓனரை ரோட்டில் நிற்கவைத்து, சரி என்று சொன்னபிறகு டிரில்லிங் மெஷினைத் தொடுங்கள்.

கொத்தனார்மகன் (தஞ்சாவூர்)

இத்தனைக்கும் ஒரு டியூப் போதுமே? வெள்ளை டியூபில் தண்ணீர், கொஞ்சம் சாயம். வெயிலாவது மழையாவது. எங்கள் அப்பா வீடு முழுக்க அதில்தான் எடுத்தார்.

ஏணிமேல் (மதுரை)

மறுக்கவில்லை. உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் 24 அடிக்கு டியூப் பிசகாது. லேசர் கீழே விழுந்து எழுந்த சந்தேகம் இருந்தால் நானே டியூபை வைத்துத்தான் சரிபார்ப்பேன். ஆனால் எழுத்து ஒட்டும்போது டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாதே.

ஸ்கொயர்பைப் (திருப்பூர்)

பல்ஸ் பட்டன் இருக்கிறது அண்ணே, இத்தனை நாள் பேட்டரி பட்டன் என்று நினைத்திருந்தேன். எழுத்துக்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா? "ழ", "கு", "மு" எல்லாம் வருகிறது.

ஏணிமேல் (மதுரை)

அதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எழுத்தின் அடியைக் கோட்டில் உட்காரவைத்தால் "ழ", "மு" வால் இடிக்கும், அதற்காக மேலே தூக்கினால் பெயரே குதித்தமாதிரி இருக்கும். முழு அளவில் பிளாட்டரில் (பெரிய பேப்பரில் வரையும் மெஷின்) பேப்பர் டெம்ப்ளேட் எடுங்கள். "க", "ப" உட்காரும் அடிக்கோட்டை அதில் நீளமாக அச்சடித்துவிடுங்கள். போர்டில் நூலடித்த கோட்டோடு அந்தக் கோட்டைப் பொருத்தி மாஸ்கிங் டேப் போட்டு, துளை இடங்களை ஆணியால் குத்திக்கொண்டால் போதும். வாலெல்லாம் தானாக அதனதன் இடத்தில் தொங்கும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், முன்னால் இபி ஒயர் எவ்வளவு தள்ளிப் போகிறது? அலுமினிய ஏணியா உங்களுடையது?