செங்கீரை முதல் அம்புலி வரை: முதல் இரண்டு வருடத்தில் நாங்கள் பார்ப்பது

கிராம சுகாதார செவிலியர்:

தடுப்பூசி நாளில் ஊசியைப் பற்றிக் கேட்பவர்களைவிட இதைக் கேட்பவர்கள்தான் அதிகம்: "பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறு மாசத்துலயே உட்கார்ந்துடுச்சு, எங்க புள்ள எட்டு மாசமாகியும் சாயுதே?" உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளை (அதில் தில்லிக் குழந்தைகளும் உண்டு) தொடர்ந்து பார்த்துக் குறித்த அளவுகள் 2006-இல் வந்தன. அதன்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை. தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை. இந்த இடைவெளியில் என்றைக்குச் செய்தாலும் அது சரியான நாள்தான். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழாமலேயே எழுந்து நின்றுவிட்டன. அதனால் தவழவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கலங்காதீர்கள்.

குறைமாதக் குழந்தைக்கு வேறு கணக்கு. 32 வாரத்தில் பிறந்தால் 8 வாரம் முந்திவிட்டது. பிறந்து 6 மாதம் ஆனாலும் 4 மாதக் குழந்தை செய்வதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்காதீர்கள், அதற்குப் பிறந்த தேதிதான்.

இயன்முறை மருத்துவர்:

கழுத்து நிற்கத் தாமதம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பகலில் குழந்தை எங்கே கிடக்கிறது என்பதுதான். பெரும்பாலும் தூளி, இல்லையென்றால் மடி. தரையில் குப்புறப் போட்டால் அழுகிறது என்று உடனே தூக்கிவிடுகிறார்கள். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்தில் வைத்தார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுகிற நிலை அது. கழுத்து, தோள், முதுகு மூன்றும் ஒன்றாக வேலை செய்தால்தான் அது வரும். அந்த வலு தரையில்தான் கிடைக்கும்.

பால் குடித்து அரை மணி நேரம் கழித்து, விழித்திருக்கும்போது, பாயில் குப்புறப் போடுங்கள். மெத்தை வேண்டாம், கை புதைந்து ஊன்ற முடியாமல் போகும். டவலை உருட்டி மார்புக்கு அடியில், அக்குளை ஒட்டி வையுங்கள். கைகள் டவலுக்கு முன்னால் வரவேண்டும், பின்னால் மாட்டிக்கொண்டால் மூக்கு தரையில் முட்டும், அதுதான் பாதி அழுகைக்குக் காரணம். நீங்களும் எதிரே படுத்து முகத்தைக் காட்டுங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடம், தினம் இரண்டு மூன்று தடவை. போகப் போக நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடம். தூங்கிப்போனால் உடனே மல்லாத்திவிடுங்கள். தூக்கம் எப்போதும் மல்லாந்துதான்.

வாக்கர் வாங்காதீர்கள். தொங்கிக்கொண்டே நுனிக்காலால் உந்துவதால் குதிகால் ஊன்றிப் பழகுவதில்லை, தன் பாதத்தையும் அது பார்ப்பதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்தும் இருக்கிறது. கனடாவில் 2004-இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம் மர நடைவண்டி வேறு. அதில் குழந்தை பின்னால் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கிய பிறகு கொடுங்கள். சக்கரம் வழுக்கென்று ஓடினால் குழந்தை முகங்குப்புற விழும், அச்சைக் கொஞ்சம் இறுக்கி வையுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்:

எடை பற்றிச் சொல்கிறேன். 3 கிலோவில் பிறந்தால் ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 6, ஒரு வயதில் 9, இரண்டு வயதில் 12. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 700 கிராம் முதல் ஒரு கிலோ வரை ஏறும், ஒன்பது மாதத்துக்கு மேல் 200–300 கிராம்தான். "முன்ன மாதிரி ஏறலையே" என்பது பயப்பட வேண்டிய விஷயமில்லை. மாதாமாதம் எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் கோடு ஏறாமல் படுத்துவிட்டால் அல்லது இறங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

கோடு படுக்கிற வீட்டில் விசாரித்தால் வருகிற பதில்: பருப்புத் தண்ணீர், ரசம் சாதம், பாலில் ஊறிய பிஸ்கட். பருப்பை அடியில் விட்டுவிட்டு மேல்தண்ணீரை ஊட்டினால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, குழைய வேகவைத்து மசித்து ஒரு டீஸ்பூன் நெய். ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று ஒழுகக் கூடாது, அதுதான் பதம். ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் வேளைக்கு அரை கப் வரை கூட்டுங்கள். தாய்ப்பால் தொடரட்டும். வயிற்றில் இருந்தபோது சேர்த்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீர்ந்துவருவதால் முட்டை, மீன், ஈரல், கீரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வயது வரை தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது. அதிலுள்ள கிருமி விதை சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

பேச்சு, கேட்டல் பயிற்சியாளர்:

செங்கீரையைச் சொன்னார்கள், நான் அம்புலியைச் சொல்கிறேன். நிலாவைக் காட்டினால் உங்கள் விரலையே பார்க்கிற குழந்தை, சில மாதங்களில் விரல் காட்டும் திசையில் பார்க்கும். பிறகு தானே விரல் நீட்டி, நிலாவைப் பார்த்து, திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். "நீயும் பார்த்தாயா?" என்பது அந்தப் பார்வை. பேச்சு வரும் வழி அதுதான். ஒரு வயதையொட்டி இது தொடங்கிவிடும். 18 மாதத்தில் எதையும் சுட்டிக் காட்டவில்லை என்றால், "எங்க வீட்ல எல்லாருமே லேட்டாதான் பேசினோம்" என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர்:

காத்திருக்கக் கூடாதவை இன்னும் சில. 4 மாதம் முடிந்தும் தலை நிற்காதது, 9 மாதம் முடிந்தும் உட்காராதது, 18 மாதத்தில் நடக்காதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை மூடியே வைத்திருப்பது. வந்த பேச்சோ நடையோ போய்விட்டால் எந்த வயதிலும் அன்றைக்கே காட்டுங்கள். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் (வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் இடம்) இருக்கிறது, கட்டணம் இல்லை.

பேச்சு, கேட்டல் பயிற்சியாளர்:

பேச்சு தாமதம் என்றால் முதலில் காதுதான். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறது என்பதால் காது கேட்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய சத்தம் கேட்டு, பேச்சொலி கேட்காத குழந்தைகள் உண்டு. பெரா (BERA) சோதனை, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலைப் பதிவு செய்வது. அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். வருகிற வழியில் பஸ்ஸில் தூங்க விட்டுவிடாதீர்கள். வந்து சேர்ந்ததும் பாலோ சோறோ ஊட்டி, வீட்டுத் தூளித் துணியைக் கையோடு கொண்டுவந்தால் அதைப் போர்த்தித் தூங்கவைக்கலாம்.